சணல் கட்டி வைத்த இரங்கல்

போன மாதம் ஒரு வாரப் பத்திரிகைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகளிடம் பேச என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு, ஒரு சால்வையைப் போர்த்தி, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்" என்று மைக்கைக் கையில் கொடுப்பது இப்போது ஒரு சடங்காகிவிட்டது. சொல்வதை யாரும் கேட்பதில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு ஒருவன் மட்டும் கையைத் தூக்கினான். இனிமேல் விழாச் செய்தி, விபத்துச் செய்தி, சாவுச் செய்தி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே எழுதிவிடுமாம். பெயரையும் ஊரையும் கொடுத்தால் போதுமாம். நீங்கள் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் இப்படி ஒன்று வரும் என்று நினைத்துப் பார்த்திருப்பீர்களா என்று கேட்டான்.

நினைத்துப் பார்ப்பதாவது! நான் தொழில் கற்றுக்கொண்டதே அதில்தான். எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில், பெயரையும் ஊரையும் கொடுத்தால் மிச்சத்தைத் தானே சொல்லிவிடும் ஏற்பாடு ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. அதைப் பற்றி மேடையில் சொல்ல எனக்கு நேரம் தரவில்லை, சாப்பாடு ஆறுகிறது என்றார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பத்திரிகையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும். மாதம் இருமுறை வெளிவந்தது. "இலக்கியம், சமுதாயம், ஆன்மிகம்" என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே மூன்றும் இருக்காது. தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் ஆபீஸ். கீழே கொல்லைப் பக்கம் அச்சகம். அந்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்த காசில்தான் எங்கள் இலக்கியமும் சமுதாயமும் மூச்சு விட்டன.

பாளையங்கோட்டையில் தமிழ் பி.ஏ. முடித்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கும் டீச்சர் வேலை என்று அவர் முடிவு செய்து வைத்திருந்தார். எனக்கோ எழுத வேண்டும். பத்திரிகை ஆசிரியர் அருணாசலத்திடம் அப்பாவே கூட்டிக்கொண்டு போய் விட்டார். ஊரே அவரை எடிட்டர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். மல் ஜிப்பா, சட்டைப்பையில் இரண்டு பேனா. இரண்டிலும் மை இருந்து நான் பார்த்ததில்லை.

"ஸ்டெல்லாவா? நல்லது. பிள்ளைக்கு சம்பளம் கிம்பளம்னு ஒண்ணும் கிடையாது, சார்வாள். தொழில் படிக்க வருதால்லா?" என்றார். அப்பா தலையாட்டினார். அவருக்கு என் எழுத்து ஆசை சீக்கிரம் தீர்ந்துபோக வேண்டும். அதற்கு இதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் கிடையாது.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குருவிகுளம், திருவேங்கடம் என்று டவுன் பஸ் ஏறிப் போய் விழாக்களில் உட்கார்ந்து, மேடையில் இருந்தவர்களின் பெயரை இனிஷியலோடு எழுதி வர வேண்டும். அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு இனிஷியல் தெய்வம் மாதிரி. ஒருவர் என்ன பேசினார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "மேட்டரை எவனும் படிக்க மாட்டான். பேரைத் தேடுவான். பேரு இருந்தா புஸ்தகம் வாங்குவான். பேரு விட்டுப்போச்சுன்னா சட்டையைப் பிடிப்பான். இதுதான் ஜர்னலிசம்" என்பார். காதைக் குடைந்துகொண்டேதான் சொல்வார்.

என் முதல் செய்தி ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. மைக் வேலை செய்யவில்லை. தலைமை விருந்தினர் அதைக் கவனிக்காமல் பேசித் தீர்த்தார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை, ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் இதையெல்லாம் அழகாக எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்து, அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் பெயர்களை மட்டும் வட்டம் போட்டார். மிச்சத்தைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தார்.

"கீழ போயி இசக்கிகிட்டக் கேளு. விழா எப்பிடி நடந்துச்சுன்னு அவன் சொல்லுவான்."

இசக்கி அண்ணன் கம்பாசிட்டர், அச்செழுத்துக் கோப்பவர். அவர் எந்த விழாவுக்கும் போனவர் இல்லை. எழுத்துப் பெட்டிகளுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து, சுவரோரம் இருந்த தகர அலமாரியைத் திறந்து காட்டினார். அதில் ஈய எழுத்துகளை வரிவரியாகக் கோத்து, சுற்றிலும் சணல் கட்டி, கட்டி கட்டியாக அடுக்கியிருந்தது. சாதாரணமாக அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்தக் குழியில் போட்டுவிட வேண்டும். இவற்றை மட்டும் பிரிப்பதில்லை. அடுத்த இதழுக்கும் இதே வரிகள்தான் என்பதால் அப்படியே கட்டி வைத்துவிடுவது. ஸ்டாண்டிங் மேட்டர் என்று இதற்குப் பெயர். விளம்பரத்துக்கும் முகவரிக்கும் எல்லா அச்சகத்திலும் இப்படி வைத்திருப்பார்கள். செய்திக்கு வைத்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்து நாங்கள்தான்.

விழாவுக்கு ஒரு கட்டி: "பெருந்திரளான மக்கள் கலந்துகொண்ட இவ்விழாவில் சிறப்புரை அனைவர் நெஞ்சையும் கவர்ந்தது." கல்யாணத்துக்கு ஒன்று. பதவி ஓய்வுக்கு ஒன்று. கோயில் கொடை விழாவுக்கு ஒன்று. சாவுக்கு ஒன்று. மேலே பெயரை மட்டும் புதிதாகக் கோத்து, கீழே கட்டியை வைத்தால் செய்தி முடிந்தது. மைக் வேலை செய்யாத என் பள்ளிக்கூட விழாவிலும் சிறப்புரை அனைவர் நெஞ்சையும் கவர்ந்தது.

சாவுக் கட்டியை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். "சில காலமாக உடல்நலம் குன்றியிருந்த அன்னார், உற்றார் உறவினர் சூழ, அமைதியாக இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த துயருடன் தெரிவித்துக்கொள்கிறோம்." ஆணோ பெண்ணோ, அன்னார். கிழவரோ குமரியோ, அன்னார். ஒருமுறை பைபாஸில் லாரி அடித்து அந்த இடத்திலேயே இறந்துபோன ஒரு ரேஷன் கடைக்காரரும் சில காலமாக உடல்நலம் குன்றி, உறவினர் சூழ, அமைதியாகத்தான் போனார். அவர் மகன் அந்த இதழில் பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு போனார், இனிஷியல் சரியாக இருந்தது என்று. அண்ணாச்சி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சண்முகையா இறந்தார்.

ஊரில் பாதித் தெருக்களில் அப்போது பவர்லூம் ஓடிக்கொண்டிருக்கும். சண்முகையா ஒரு முதலாளியின் தறிக்கொட்டகையில் நெய்தவர். கொட்டகைச் சுவர் மழையில் ஊறியிருந்தது. சுவிட்சுப் பெட்டிக்கு மூடி கிடையாது. தறி நின்றுபோனதால் சுவிட்சைத் தட்டப் போனவரைக் கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது. முதலாளி ஆட்கள் பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா உடம்ப அறுத்துப் போடுவாங்க" என்று வீட்டாரிடம் சொல்லிச் சொல்லியே, போலீசுக்கும் போகாமல், எரித்தாகிவிட்டது.

மறுநாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன். சண்முகையாவின் மனைவி பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். நான் பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்றதும், பக்கத்திலிருந்த பெண்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அவளே சொன்னாள்.

"கையில ஓட்ட விழுந்த மாதிரி கருகிக் கெடந்துச்சு. கூட நெய்யுத மாடசாமி கண்ணால பாத்துருக்காரு. பெட்டிக்கு மூடி போடுங்கன்னு எங்க வீட்டுக்காரரு எத்தன தடவ சொல்லிருக்காரு தெரியுமா? எழுதிக்கோட்டி. விடாம எழுதிக்கோ."

விடாமல் எழுதினேன். மாடசாமியையும் பார்த்தேன். சுவிட்சுப் பெட்டியை எட்டிப் பார்க்கப் போனபோது கொட்டகைக்காரர்கள் விரட்டினார்கள். அதையும் எழுதினேன். கல்லூரியில் கற்றுத் தந்த ஒரு சொல் அதில் கிடையாது. நடந்தது மட்டும் இருந்தது. இப்போது நினைத்தாலும் அது நல்ல எழுத்துதான். அடக்கமாக இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அண்ணாச்சி பெயரை வட்டம் போட்டார். மிச்சத்தை அடித்தார்.

"ஒரு தறிக்காரன் செத்ததுக்கு ஒரு பக்கமா? நீ கேட்டதுக்காவ சாவுப் பத்தியில போடச் சொல்லுதேன். அவனுக்கு இதுவே பெருசு."

பின்னட்டை விளம்பரம் அந்த முதலாளியினுடையது. அதனால் இது சதி என்று கொஞ்ச காலம் நானும் நம்பினேன். பிறகு புரிந்தது. சதி செய்வதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும், அண்ணாச்சியிடம் அது கிடையாது. பக்கங்களைப் பூட்டி ஃபாரம் முடித்து அச்சுக்கு ஏற்ற வேண்டிய நாள், பக்கத்தில் இரண்டு விரல்கடை இடம், அலமாரியில் ஒரு கட்டி. சோம்பேறித்தனம்தான். சண்முகையா சில காலமாக உடல்நலம் குன்றி, உற்றார் உறவினர் சூழ, அமைதியாக இயற்கை எய்தினார்.

தறித் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் பேச்சியம்மாளுக்கு ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்து, திருநெல்வேலியில் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியிடம் மனுப் போட வைத்தார்கள். பிரேதப் பரிசோதனை இல்லை, போலீஸ் அறிக்கை இல்லை. மாடசாமி ஒருவர்தான் சாட்சி. அவர் கரண்ட் அடித்தது என்று சொன்னார். உடனே முதலாளியின் வக்கீல், மாடசாமி வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர், அந்த வன்மத்தில் பேசுகிறார் என்று சொல்லிவிட்டு, எங்கள் பத்திரிகையை மேசைமேல் விரித்தார். யாருக்கும் வேண்டாத அந்த மூன்று வரி அங்கே வேதவாக்காகிவிட்டது. இறந்தவர் நோயாளி, வீட்டில் சொந்தக்காரர் மத்தியில் இறந்தார், ஊர்ப் பத்திரிகையே சொல்கிறது, இழப்பீடு எதற்கு?

அடுத்த நாள் மத்தியானம் பேச்சியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். மாடிப்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். கையில் அந்த இதழ் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வக்கீல் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

"ஏட்டி, நீ எங்க வீட்டுக்கு வந்து உக்காந்து கேட்டுட்டுத்தான போன? நான் என்ன சொன்னேன்? நோக்காடுன்னு சொன்னனா? அவருக்கு ஒருநாளு தல வலிச்சது கெடையாதே. நீ அவங்ககிட்ட என்ன வாங்குன?"

நான் எழுதவில்லை, நான் எழுதியது வேறு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவள் எதற்காக நம்ப வேண்டும்? கேட்டுக்கொண்டு போனவள் நான். வந்தது இது. பாத்திரக்கடையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை. அவள் போன பிறகு, மேலே ஏறிப் போய், மறுப்பு போடுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"நம்ம புஸ்தகத்துல இதுவரைக்கும் மறுப்புன்னு ஒண்ணு போட்டது கெடையாது. போட்டா மத்ததையும் எவன் நம்புவான்?" என்றார். அதையெல்லாம் நம்பியவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பேச்சியம்மாளின் வக்கீல், அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைக்காரர் வந்து சொல்லட்டும் என்று கேட்டார். அண்ணாச்சிக்கு சம்மன் வந்தது. சிங்கம் மாதிரி உட்கார்ந்திருந்தவருக்கு அன்றைக்கே வயிற்றுப்போக்கு.

"நீதானம்மா வீட்டுக்குப் போயி கேட்ட? நீயே போயி சொல்லு. வீட்டுல அப்படித்தான் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது. உனக்கும் அடுத்த மாசத்துலருந்து அட்டையில பேரு போட்டுருவோம். துணையாசிரியர்னு."

அட்டையில் பெயர். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை வேறு இல்லை என்று அவருக்குத் தெரியும். சரி, போகிறேன் என்று மட்டும் சொன்னேன். போய் என்ன சொல்வேன் என்று சொல்லவில்லை. கீழே இறங்கி, இசக்கி அண்ணனிடம் சாவுக் கட்டியைக் கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"கோர்ட்டுல காட்டணும்."

அவர் யோசித்தார். நியாய அநியாயத்தைப் பற்றி இல்லை. "கொண்டுபோ. ஆனா கட்டு அவுந்து எழுத்து கொட்டிச்சுன்னா நான் திரும்ப அடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். பழைய தினசரியில் சுற்றி, டிபன் பாக்ஸ் கூடையில் வைத்துக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறினேன். உள்ளங்கை அகலம்தான், ஆனாலும் ஈயம், மடி கனத்தது. வழியெல்லாம், பஸ் குழியில் இறங்கும்போதெல்லாம், கட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

விசாரணை என்றால் பெரிய கூண்டு, கறுப்பு அங்கி என்று நினைத்திருந்தேன். அது ஒரு சாதாரண ஆபீஸ் அறை. ஒல்லியான ஒரு அதிகாரி, முன்னால் கோப்பு மலை. வலப்பக்கம் முதலாளியின் வக்கீல், தன் பக்கத்துச் சாட்சி வந்துவிட்டதுபோல என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். நான் உள்ளே வந்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்தச் செய்தியை உங்ககிட்ட யாரும்மா சொன்னது?" என்று அதிகாரி கேட்டார்.

"யாரும் சொல்லலை, சார்."

"அப்ப யார் எழுதினது?"

"யாரும் எழுதலை, சார். அவர் சாகுறதுக்கு ரொம்ப முன்னாடியே இது தயாரா இருந்துச்சு."

வக்கீலின் சிரிப்பு போயிற்று. நான் கூடையிலிருந்து கட்டியை எடுத்து, தினசரியைப் பிரித்து, கோப்புகளுக்கு நடுவே வைத்தேன். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும், பழக்கமில்லாதவர்களால் வாசிக்க முடியாது. வக்கீல், இது என்ன விளையாட்டு, இதைச் சாட்சியமாக எடுக்கக் கூடாது என்று எழுந்தார். அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டு, மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பு மைப்பெட்டியைத் திறந்தார். கட்டியை அதில் ஒற்றி, ஒரு வெள்ளைத்தாளில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். ஊதா நிறத்தில் வந்தது: சில காலமாக உடல்நலம் குன்றியிருந்த அன்னார். மேலே பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

அவர் வக்கீல் கொடுத்திருந்த இதழை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். "இது வேற யாருக்காவது போட்டிருக்கா?"

"எல்லாருக்கும் இதுதான், சார். லாரி அடிச்சுச் செத்தவருக்கும் இதுதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "அப்ப நீங்க கேட்டது என்ன?" என்றார். நான் கேட்டதை, கேட்ட வரிசையில் சொன்னேன். மூடி இல்லாத பெட்டி, ஊறிய சுவர், கருகிய கை. அவர் எழுதிக்கொண்டார். கட்டியைத் திருப்பித் தரவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எண் போட்டு, சணலிலேயே செருகி, கோப்போடு வைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் அண்ணாச்சி வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நான் சொன்னது அதற்குள் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. "கட்டி எங்க?" என்றுதான் கேட்டார். அரசாங்கத்திடம் இருக்கிறது என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதற்கும் ஒரு ஸ்டாண்டிங் மேட்டர் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அவர் சொந்தமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அந்தத் தறி முதலாளியின் அப்பாவே இறந்துபோனார். படுத்த படுக்கையாகப் பல வருஷம் கிடந்து, பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் சூழ, தூக்கத்திலேயே போனார். அந்த வரி உண்மையாக இருந்திருக்கக்கூடிய ஒரே சாவு. அதற்கு அலமாரியில் கட்டி இல்லை. இசக்கி அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தாராம், திட்டிக்கொண்டே. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பேச்சியம்மாளுக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. மேல்முறையீடு, இழுத்தடிப்பு எல்லாம் நடந்து கடைசியில் கொடுத்தார்கள். அதற்குள் நான் மதுரையில் ஒரு மாதப் பத்திரிகைக்குச் சண்முகையாவைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தேன். அவர்கள் ஒரு வார்த்தையும் அடிக்காமல் போட்டார்கள். என் பெயரோடு அச்சில் வந்த முதல் கட்டுரை. அதை வைத்துத்தான் அங்கே வேலை கிடைத்து, பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் காலம் தள்ளினேன்.

அந்த இதழை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் தறிக்காக நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கூலி வேலை. ராட்டையை நிறுத்தாமலேயே உட்காரச் சொன்னாள். நான் வாசித்தேன். "சண்முகையா தறிக்கொட்டகையில் கரண்ட் அடித்து இறந்தார். சுவிட்சுப் பெட்டிக்கு மூடி இல்லை. மூடி போடச் சொல்லி அவர் பலமுறை கேட்டிருந்தார்." இப்படியே கடைசிவரை. வாசிக்கும்போதே என் குரல் எனக்குப் பிடித்திருந்தது. முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன் என்று சொல்லத்தான் வேண்டும்.

அவள் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள்.

"இதத்தானட்டி நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.